மூல ஏடும் எந்திரப் பிரதியும்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் வடக்கு நோக்கி ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர் சென்றால், பெரும் பாறைகளுக்கிடையே அமைந்துள்ள அலுவிகாரையைக் காணலாம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவென்பது இந்நாட்டு மரபு. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதும் முறை அங்கு இன்றும் பார்வையாளர்க்குக் காட்டப்படுகிறது. கீறிய ஓலையின்மீது மை தடவித் துடைத்ததும், அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த எழுத்துகள் கருமையாகத் துலங்குகின்றன.

ஏடெழுதும் காலத்தில் ஒரு நூல் பரவ வேண்டுமாயின், ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏட்டை மனிதர் தம் கையாலேயே படியெடுத்தாக வேண்டும். படியெடுப்போன் எத்துணைக் கருத்துள்ளவனாயினும் ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபடும். மற்றோரிடத்தில் ஒரு வரி இருமுறை விழும். அவன் பிரதியைப் பார்த்து எழுதுபவன் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவான். தன் பங்குக்கு ஒன்றிரண்டு கூட்டவும் செய்வான். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், கிடைத்த பிரதிகளை ஒப்புநோக்கி, எது மூலபாடம் எனத் துணிவதற்கே பெரும் உழைப்பைச் செலவிட்டனர். பிரதிக்குப் பிரதி காணப்படும் இவ்வேறுபாட்டையே பாடபேதம் என்பர்.

இந்தப் பாடபேதம், கணினி மென்பொருள் ஆக்கும் தொழிலிலும் இன்று ஒரு தொல்லையாகத் தலைகாட்டியிருக்கிறது என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அத்தொல்லை எவ்வாறு தோன்றியது, அதற்குத் தொழில் வல்லோர் கண்ட பரிகாரம் யாது என்பனவே இங்கு விளக்கப்படுகின்றன.

பெரிய மென்பொருள் எதையும் ஒருவர் தனித்து எழுதுவதில்லை. பத்துப் பேரோ நூறு பேரோ வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு பகுதிகளை எழுதி, ஒரு பொதுக் களஞ்சியத்திற் சேர்க்கின்றனர். ஒருவர் எழுதியது மற்றொருவர் எழுதியதனோடு பொருந்துமா என்பதை வேலை முழுதும் முடிந்தபின் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டால், பிழை எங்கே புகுந்தது எனக் கண்டுபிடிப்பதற்குள் வாரங்கள் கழிந்துவிடும். ஆகவே, ஒவ்வொருவரும் தாம் செய்த சிறு மாற்றத்தையும் உடனுக்குடன் களஞ்சியத்திற் சேர்க்க வேண்டும். சேர்த்தவுடன் ஒரு கணினி தானாகவே முழுவதையும் கட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெயர். கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட நூலும், மாட்டின் பவுலர் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையும் இம்முறையைப் பரப்பின. 2005இல் ஹட்சன் என்னும் பெயரில் வெளிவந்து, 2011இல் ஜென்கின்ஸ் எனப் பெயர் மாறிய மென்பொருள் இதனை எங்கும் வழக்கமாக்கியது.

சோதிக்கும் கணினிக்கு மதிநுட்பம் கிடையாது. எந்தப் பணிசெயல் முறைமையில் இயங்க வேண்டும், எந்த மொழியின் எந்தப் பதிப்பை நிறுவ வேண்டும், பின்னர் எந்தக் கட்டளையை எந்த வரிசையில் நடத்த வேண்டும் என்பனவற்றையெல்லாம் ஒரு கோப்பில் எழுதிவைக்க வேண்டும். உள்ளமைவுக் கோப்பு என்பது அதன் பெயர். கட்டளைத்தாள் என்று சொன்னால் எளிதில் விளங்கும். 2011இல் தோன்றிய டிராவிஸ் என்னும் சேவையும், 2019ஆம் ஆண்டின் இறுதியிற் பொதுவழக்குக்கு வந்த கிட்ஹப் ஆக்ஷன்ஸ் என்னும் சேவையும் இக்கட்டளைத்தாளை யமல் என்ற குறியீட்டு முறையில் எழுதும்படி கேட்டன. யமல் பார்வைக்கு எளியது. வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடமே அதன் இலக்கணம். ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ பொருள் மாறிவிடும்.

அதன் எளிமையில் ஒளிந்திருக்கும் பொறிக்கு ஓர் உதாரணம் போதும். பைதன் மொழியின் 3.10ஆம் பதிப்பு 2021 ஒக்டோபரில் வெளிவந்தது. அதற்குமுன் 3.8, 3.9 என்று எழுதிப் பழகியவர்கள் அடுத்ததாக 3.10 என்று எழுதினர். யமல் அதனை ஒரு தசம எண்ணாகவே கொண்டது. கணக்கில் 3.10 என்பதும் 3.1 என்பதும் ஒன்றேயன்றோ? ஆகவே சோதனைக் கணினி பைதன் 3.1ஐத் தேடத் தொடங்கியது. மேற்கோட் குறிகளுக்குள் இட்டு, இஃது எண்ணன்று, பெயர் என்று அறிவித்திருந்தால் இக்குழப்பம் நேர்ந்திராது. இதனை அறிந்து ஒரு கட்டளைத்தாளில் திருத்திவிடலாம். ஆனால் அதே வரி நாற்பது கட்டளைத்தாள்களில் இருக்குமாயின், முப்பத்தெட்டில் திருத்தி இரண்டை மறந்துவிடுவது மனித இயல்பு.

நாற்பது கட்டளைத்தாள்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கலாம். பெரும்பாலும் படியெடுத்ததனால் வந்தவையே. ஒரு களஞ்சியத்திற்கு எழுதிய கட்டளைத்தாளை அடுத்த களஞ்சியத்திற்கும் அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அங்குள்ள தேவைக்கேற்ப இரண்டு வரிகளை மாற்றுகிறார்கள். ஒரே களஞ்சியத்தினுள்ளும் பெருக்கம் உண்டு. பைதன் பதிப்புகள் ஐந்து, பணிசெயல் முறைமைகள் மூன்று, தரவுத்தள வகைகள் நான்கு எனக் கொண்டால், எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்க 60 வேலைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இருபது வரி என்றாலும் 1,200 வரிகள் ஆகின்றன. இவற்றைக் கையால் எழுதிப் பேணுவது, ஏடெழுதுவோன் தொழிலுக்கே திரும்பிச் செல்வதாகும்.

பாடசாலை நேரசூசியை அறிந்தவர்க்கு இதன் பரிகாரம் புதியதன்று. மாத்தளை மாவட்டத்தின் நடுத்தரமான ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்ளலாம். இருபத்துநான்கு வகுப்புகள், நாள் ஒன்றுக்கு எட்டுப் பாடவேளைகள். ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் ஒரு நேரசூசி தொங்குகிறது. ஒவ்வோர் ஆசிரியர் கையிலும் ஒன்று இருக்கிறது. இவையனைத்தும் உப அதிபரின் மேசையிலுள்ள ஒரு பெருநேரசூசியிலிருந்து பிரித்தெழுதப்பட்டவை. ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் பெருநேரசூசியில் மாற்றஞ்செய்து, அதிலிருந்து மற்றவற்றை மீண்டும் எழுதுவதே முறை. அவ்வாறன்றி, வகுப்பாசிரியர் ஒருவர் சுவரில் தொங்கும் தாளில் மாத்திரம் பென்சிலால் ஒரு பாடவேளையை மாற்றிவிட்டால், மறுநாட்காலை ஒரே கணித ஆசிரியரை இரண்டு வகுப்புகள் எதிர்பார்த்திருக்கும். எது மூலம், எது பிரதி என்ற வேறுபாட்டை மறந்ததன் விளைவு அது.

மென்பொருள் வல்லோர் செய்ததும் இதுவே. கட்டளைத்தாள்களைக் கையால் எழுதுவதை விடுத்து, அவற்றை எழுதித் தரும் ஒரு செய்நிரலை ஆக்கினர். மேற்கூறிய உதாரணத்தில், அச்செய்நிரலின் தலைப்பில் மூன்று சிறு பட்டியல்கள் மட்டுமே இருக்கும்: பதிப்புகள் ஐந்து, முறைமைகள் மூன்று, தரவுத்தளங்கள் நான்கு. இன்ன முறைமையில் இன்ன தரவுத்தளம் வேண்டியதில்லை என்ற விலக்குகள் அடுத்து வரும். செய்நிரல் இவற்றைப் பெருக்கி, விலக்குகளை நீக்கி, எஞ்சிய வேலை ஒவ்வொன்றுக்கும் உரிய வரிகளைத் தானே எழுதிவைக்கும். பைதனின் புதிய பதிப்பு வெளிவந்தால், பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்துச் செய்நிரலை மறுபடி நடத்தினாற் போதும். க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல், தொடர்பாடல் தொழினுட்பவியல் கற்கும் மாணவர் ஒருவர், தாம் படித்த பைதனைக் கொண்டே இத்தகைய செய்நிரலை ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிட முடியும்.

எழுதும் முறையில் இருவகை உண்டு. ஒன்று, வார்ப்புரு முறை: கட்டளைத்தாளின் வடிவத்தை எழுதி, மாறும் இடங்களை வெற்றிடமாக விட்டு, அவ்விடங்களைச் செய்நிரலைக் கொண்டு நிரப்புவது. மற்றது, தரவு முறை: வேலைகளையெல்லாம் செய்நிரலினுள் ஒழுங்கான தரவுகளாகக் கட்டியபின், யமலாக எழுதும் பொறுப்பை அதற்கென அமைந்த நூலகத்திடம் விட்டுவிடுவது. வார்ப்புரு பார்த்தவுடன் விளங்கும். ஆயின், வெற்றிடக் கணக்கும் மேற்கோட் குறியும் எழுதுவோன் தலையிலேயே விழுகின்றன. தரவு முறையில் 3.10 என்பது பெயராகக் கொடுக்கப்பட்டால், நூலகம் தானே மேற்கோட் குறியிட்டு எழுதும். புதிதாகத் தொடங்குவோர்க்கு இரண்டாவது முறையே நன்று.

பெரிய அளவில் இதனைச் செய்து காட்டியோருள் பைடார்ச் என்னும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை ஆக்குவோர் குறிப்பிடத்தக்கவர். அவர்களது களஞ்சியத்தில் பைதனின் பல பதிப்புகள், பல பணிசெயல் முறைமைகள், வரைவியற் செயலிகளுக்குரிய பல பதிப்புகள் ஆகிய எல்லாச் சேர்க்கைகளுக்கும் மென்பொருளைக் கட்ட வேண்டியிருக்கிறது. அதற்கான கட்டளைத்தாள்களை ஒரு பைதன் செய்நிரல் வார்ப்புருக்களிலிருந்து ஆக்குகிறது. ஆக்கப்பட்ட தாள் ஒவ்வொன்றின் நெற்றியிலும், இது செய்நிரலால் எழுதப்பட்டது, கையால் திருத்தற்க என்ற அறிவித்தலும், மூல வார்ப்புரு எங்குள்ளது என்ற குறிப்பும் காணப்படும்.

ஹாஸ்கல் மொழியினர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். அம்மொழியில் எழுதப்படும் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு விவரணக் கோப்பு உண்டு. அந்தப் பொதி எந்தெந்தத் தொகுப்பிப் பதிப்புகளிற் சோதிக்கப்பட்டது என்பதைக் கூறும் ஒரு வரி அதில் இருக்கும். அவர்களது கருவி அவ்வரியைப் படித்தே கட்டளைத்தாளை ஆக்குகிறது. ஏற்கெனவே ஓரிடத்தில் எழுதப்பட்ட உண்மையை மற்றோரிடத்தில் மீண்டும் எழுதச் சொல்வதே பிழைக்கு வாயில் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்வுணர்வுக்கு இலங்கையிலேயே ஓர் அயல் உதாரணம் உண்டு. சஞ்சீவ வீரவரண, போல் ஃபிரீமாண்டில் ஆகியோர் 2005இல் நிறுவிய டபிள்யு.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனத்தில் பலரீனா என்ற நிரலாக்க மொழி உருவாயிற்று. 2017இல் வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்ட அம்மொழியின் முதற் பதிப்பு 2019 செப்ரெம்பரில் வெளிவந்தது. வலையமைப்பின் வழியே வரும் வேண்டுகோளை ஏற்று விடையளிக்கும் சேவைகளை எழுதுவதற்கென்றே அமைந்த மொழி அது. அத்தகைய சேவையைப் பெருங்கணினிக் கூட்டங்களில் இயக்குவதற்கு டொக்கர், குபர்நெட்டிஸ் எனும் முறைமைகளுக்குரிய உள்ளமைவுக் கோப்புகள் வேண்டும். சேவை 9090ஆம் வாயிலிற் காத்திருக்கும் என்று நிரலில் எழுதியவர், அதே 9090ஐ அக்கோப்புகளிலும் எழுதியாக வேண்டும். நிரலில் எண்ணை மாற்றிக் கோப்பில் மாற்ற மறந்தால், சேவை ஒரு வாயிலில் நிற்க, வேண்டுகோள்கள் வேறொரு வாயிலைத் தட்டிக்கொண்டிருக்கும். பலரீனாவின் தொகுப்பி நிரலைப் படித்து அவ்வெண்ணை அறிந்து, கோப்புகளைத் தானே ஆக்கித் தருகிறது. இவை சோதனைக்குரிய கட்டளைத்தாள்கள் அல்ல, சேவையை நிறுவுவதற்குரியவை என்பது உண்மை. எனினும் இரண்டற்கும் தத்துவம் ஒன்றே.

இவையெல்லாம் வசதிக்காக மட்டும் செய்யப்படுவன என்று எண்ணுவோர், 2025 மார்ச் மாத நடுப்பகுதியில் நிகழ்ந்ததை அறிதல் வேண்டும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் கட்டளைத்தாளில் எல்லாப் படிகளையும் ஒருவர் தாமே எழுதுவதில்லை; பிறர் எழுதி வைத்த ஆயத்தப் படிகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வர். மாற்றப்பட்ட கோப்புகள் எவையெனக் கண்டு சொல்லும் அத்தகைய ஆயத்தப் படி ஒன்றினை 23,000க்கு மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்தி வந்தன. தீயோர் எவரோ அதனுட் புகுந்து, அதன் பழைய பதிப்புப் பெயர்களையெல்லாம் தாம் எழுதிய கெட்ட நிரலைச் சுட்டும்படி மாற்றிவிட்டனர். அந்நிரல் சோதனைக் கணினியின் நினைவகத்திலிருந்த இரகசியச் சாவிகளை எடுத்து, சோதனைப் பதிவேட்டில் அச்சிட்டது. பொதுக் களஞ்சியங்களின் பதிவேட்டை எவரும் படிக்கலாம்.

பதிப்புப் பெயர் மாற்றத்தக்கது என்பதே இங்குள்ள பலவீனம். பெயருக்குப் பதிலாக, குறிப்பிட்ட நிரலைத் தவறாது சுட்டும் நாற்பது இலக்கக் குறியீட்டை எழுதியவர்கள், அவ்வேளையில் அதனைப் புதிதாக மாற்றிக்கொண்டவர் நீங்கலாக, இத்தீங்கினின்றும் தப்பினர். ஆனால் நாற்பது எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு கோவையை அறுபது இடங்களிற் கையால் எழுதி, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க எவருக்குப் பொறுமை உண்டு? கட்டளைத்தாளைச் செய்நிரல் எழுதுமாயின், ஆயத்தப் படிகளின் பெயரையும் குறியீட்டையும் கொண்ட ஓர் அட்டவணை ஓரிடத்தில் இருந்தாற் போதும். தீங்கு நேர்ந்தது என்ற செய்தி கிடைத்ததும், அட்டவணையில் ஒரு வரியை நீக்கி, எல்லாத் தாள்களையும் சில நிமிடங்களில் புதுப்பித்துவிடலாம். எந்தத் தாளில் அப்படி இன்னும் எஞ்சியிருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

சேவை நடத்துவோர் செய்யும் மாற்றங்களும் இவ்வாறே வருகின்றன. டிராவிஸின் இலவசத் தளம் 2021இல் மூடப்பட்டபோது, எண்ணிறந்த திட்டங்கள் தம் கட்டளைத்தாள்களை வேறு சேவைக்கேற்ப எழுத வேண்டியதாயிற்று. கிட்ஹப் 2025 ஏப்ரிலில் உபுண்டு 20.04 என்னும் சோதனைக் கணினிகளை விலக்கிக்கொண்டபோது, அப்பெயரைத் தாங்கிய தாள்கள் ஓடாமல் நின்றன.

எதிர்ப்பக்கமும் கூறப்பட வேண்டும். ஒரே களஞ்சியம், ஒரே கட்டளைத்தாள், முப்பது வரிகள் என்றால் கையால் எழுதுவதே சிறந்தது. கொசுவை அடிக்கக் கோடரி வேண்டியதில்லை. சேவைகளும் தம்மளவில் சில வசதிகளைத் தருகின்றன. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பட்டியல்களைக் கொடுத்து, ஓர் ஓட்டத்தில் 256 வேலைகள் வரை பெருக்கச் செய்யலாம். 2021ஆம் ஆண்டு முதல், ஒரு களஞ்சியத்தின் தாளை மற்றொரு களஞ்சியம் அழைத்துக்கொள்ளவும் இயலும். இரத்தோட்டையிலோ எல்கடுவைத் தோட்டப் பகுதியிலோ பழைய கணினி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மென்பொருள் பழகும் மாணவர்க்கு இவ்வசதிகளே போதும். களஞ்சியத்தைப் பொதுவில் வைத்தால், லினக்ஸ், விண்டோஸ், மாக் ஆகிய மூன்றிலும் தம் நிரலைப் பணமின்றிச் சோதித்துக்கொள்ளலாம். தன் மேசையில் இல்லாத மூன்று கணினிகள் அம்மாணவர்க்கு ஏவல் செய்கின்றன என்பது சிறு காரியமன்று.

மற்றுமோர் ஆபத்து, மூலத்திலேயே பிழை நேர்வது. கையால் எழுதினாற் பிழை ஒரு தாளோடு நிற்கும். செய்நிரல் எழுதினாலோ அறுபது தாள்களிலும் ஒரே வேளையிற் புகும். ஆகவே செய்நிரலிற் செய்த மாற்றத்தை மட்டுமன்றி, அதனால் ஆக்கப்பட்ட தாள்களில் நேர்ந்த மாற்றத்தையும் மற்றொருவர் படித்துப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். இதற்கு ஆக்கப்பட்ட தாள்கள் கண்ணுக்குத் தெரியும்படி களஞ்சியத்திலேயே இருத்தல் நலம். கிட்ஹப் அவ்வாறு இருக்கும்படியே கேட்கிறது. கிட்லாப் சேவையில் 2020 முதலும், சேர்க்கிள் சேவையில் 2021 முதலும், சோதனை ஓடும் வேளையிலேயே தாளை ஆக்கிக்கொள்ள வழியுண்டு. அவ்வாறு ஆக்கப்படும் தாள் ஒருபோதும் பழையதாகாது; ஆனால் ஓடுவதற்குமுன் அதனை எவரும் கண்டிருப்பதில்லை. ஆக்கும் செய்நிரல் பழுதுற்றால் கையில் ஒன்றும் மிஞ்சுவதுமில்லை. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏட்டு நூல்நிலையம் அழிவுற்றது. ஆயினும் பிற விகாரைகளிற் பிரதிகள் இருந்தமையால் நூல்கள் அழியவில்லை. படியெடுத்து வைப்பதன் பயன் அது.

இனி, பிரதியிற் கைவைப்போரை எவ்வாறு தடுப்பது? நெற்றியில் எழுதிய அறிவித்தலை எல்லாரும் படிப்பதில்லை. அவசரத்தில் ஒருவர் ஆக்கப்பட்ட தாளையே திருத்திவிடுவார். சோதனையும் சரியாக ஓடும். அடுத்த வாரம் மற்றொருவர் செய்நிரலை நடத்தியதும் அத்திருத்தம் சுவடின்றி மறைந்துவிடும். ஸ்காலா மொழியினர் இதற்கு நேர்த்தியான காவல் ஒன்றை வகுத்துள்ளனர். அவர்களது கருவி ஆக்கும் கட்டளைத்தாளிலேயே, தன்னைத்தான் சரிபார்க்கும் ஒரு படியும் அடங்கியிருக்கிறது. சோதனை ஓடும்போது அக்கருவி தாளை மனத்தளவில் மீண்டும் ஒருமுறை ஆக்கி, களஞ்சியத்திலுள்ள தாளோடு ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து வேறுபட்டாலும் சோதனை தோல்வி என்று அறிவித்து நின்றுவிடும். தாமோதரம்பிள்ளை காலத்திற் கண்ணும் விளக்கும் கொண்டு செய்த ஒப்புநோக்கலை, இங்கு எந்திரம் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் செய்கிறது.

இக்காவல் செவ்வனே நடைபெற, மூலம் மாறாதவரை பிரதியும் மாறாதிருக்க வேண்டும். பட்டியல்களை ஒருநாள் ஒரு வரிசையிலும் மறுநாள் வேறு வரிசையிலும் எழுதும் செய்நிரல் இதற்கு ஆகாது. புதிதாகப் பழகுவோர், இத்தாள் இன்ன நாளில் இன்ன மணிக்கு ஆக்கப்பட்டது என்று தலைப்பில் ஒரு வரியை ஆசையோடு சேர்ப்பதுண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் தாள் வேறாகி, ஒப்பிடும் படி நாடோறும் தோல்வி காட்டும். ஏடெழுதியோர் நூலின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறிப்பதை ஒரு மரபாகவே கொண்டிருந்தனர். எந்திரப் பிரதியின் தலைப்பில் அவை இரண்டும் வேண்டியதில்லை. மூலம் எங்கேயுள்ளது, அதிலிருந்து இதனை மீண்டும் ஆக்கும் கட்டளை எது என்ற இரு வரிகள் இருந்தாற் போதும்.